வெந்நிக்காரி ஒச்சாயி

ஒச்சாயி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லூத்துப்பட்டியில் இதை ஒரு வேடிக்கையாகவே சொல்லுவார்கள். கூழ் குடிப்பது நின்றுகொண்டு, பேன் பார்ப்பது நின்றுகொண்டு, சண்டை போடுவது நடந்துகொண்டே. இழவு வீட்டில் பெண்கள் வட்டம் கட்டி அழுதுகொண்டிருக்கும்போது இவள் மட்டும் நழுவிப் போய் அந்த வீட்டுத் தண்ணீர்ப்பானையின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "இவ ஆத்தா கால்ல சக்கரத்தக் கட்டிப் பெத்துட்டா" என்பார்கள். அந்தச் சக்கரத்தை ஆத்தா கட்டவில்லை. முப்பத்துநாலாம் வருஷத்துச் சித்திரை மாதம் கட்டியது.

அப்போது அவளுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் மொக்கையன், ஐந்து வயது. இளையவன் பேயாண்டி, மூன்று முடியவில்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நாலாம் நாள் இளையவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. காலையில் ஓடி விளையாடிய பிள்ளை, பொழுது சாயும்போது கண் குழிக்குள் போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் சத்தில்லாமல் கிடந்தான். மறுநாள் அவனைப் புதைத்துவிட்டு வந்து தலைமுழுகி நிற்கும்போதே மூத்தவன் குமட்டினான். ஐந்து நாளில் வீடு வெறும் வீடாகிவிட்டது. அம்மன் கோபம் என்று ஊர் சொன்னது. ஒச்சாயியும் நம்பினாள். நம்பியவள் சும்மா இருந்திருக்கலாம். என்ன குறை வைத்தோம் என்று தேட ஆரம்பித்தாள். பொங்கல் வைத்தோம், கூழ் ஊற்றினோம், நேர்ந்துகொண்ட சேவலைக் கொடுத்தோம். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று புருஷன் நல்லகாமனிடம் சொன்னாள். அவன் அதிகம் பேசாத ஆள். "எங்கயாச்சும் போயி வேல செய்யி புள்ள. மனசு மாறும்" என்றான். பசுமலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதியில் தண்ணீர் இறைக்கவும் தட்டு விளக்கவும் ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கீழக்குயில்குடி மலையைச் சுற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் தினமும் நடந்து போய் வந்தாள். நடை அவளுக்குப் பிடித்திருந்தது. நடக்கும்போது மட்டும் அழுகை வரவில்லை.

விடுதிச் சமையற்கட்டில் மலையம்மாள் வைத்ததுதான் சட்டம். ஆள் குட்டை, குரல் நெட்டை. சாப்பாட்டு மணி அடித்ததும் நீளக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நிற்பாள். "கையைக் காட்டு!" பிள்ளைகள் வரிசையாக வந்து உள்ளங்கையைக் காட்ட வேண்டும், திருப்பிப் புறங்கையைக் காட்ட வேண்டும். நகக்கண்ணில் கறுப்புத் தெரிந்தால் கரண்டியால் விரல் முட்டியில் ஒரு தட்டு. மறுபடி சாம்பல் தொட்டிக்குப் போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தால்தான் சோறு. குடிக்கிற தண்ணீரோ அண்டாவில் தளபுளவென்று கொதித்து, ஆறி, துணியில் வடிந்து வரும்.

ஒச்சாயிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. அவள் ஊரில் கை கழுவுவது சாப்பிட்ட பிறகு. சாப்பிடும் முன்னே கழுவினால், பரிமாறுகிறவள் என்ன நினைப்பாள்? வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் வைப்பது. திடமாக இருக்கிற அறுபது பிள்ளைகளுக்குத் தண்ணீரைச் சமைத்துக் கொடுக்கிற இந்தக் கூத்தை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். மகன்கள் போன பிறகு நல்லகாமன் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடுத்த வெயில் காலம் வரைக்கும்தான் நீடித்தது. அந்த வருஷமும் வாந்திபேதி வந்தது. கல்லூத்துப்பட்டியில் ஏழு பிள்ளைகள் போயின. ஒவ்வொரு நாளும் ஊரில் ஒரு ஒப்பாரியைக் கேட்டுவிட்டுப் பசுமலைக்கு நடந்தாள். அங்கே தட்டு விளக்கினாள். அறுபத்திரண்டு தட்டு. மறுநாளும் அறுபத்திரண்டு. மாதம் முழுக்க விளக்கினாள். ஒரு தட்டுக் குறையவில்லை. ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்த தட்டைப் போட்டுவிட்டு, கையில் சாம்பலோடு நேரே போய் மலையம்மாள் முன்னால் நின்றாள்.

"அக்கா, இங்க மட்டும் ஏன் ஒண்ணும் வரல?"

"வாய் வழியாத்தானே உள்ள போகணும்? கையக் கழுவியாச்சு, தண்ணியக் கொதிக்க வச்சாச்சு. பெறகு எந்த வழியாப் போகும்?" மலையம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

ஒச்சாயிக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அம்புட்டுத்தானா! ஒரு பிடி சாம்பலும் ஒரு பானை வெந்நீருமா? மலைமேல் ஏறிப் பறித்து வர வேண்டிய மூலிகை என்று சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அடுப்புக்குள்ளேயிருந்து தினமும் அள்ளிக் கொட்டிய சாம்பல்! யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு கல்லாக எட்டி உதைத்துக்கொண்டு வந்தாள். கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அன்றைக்கு வேகம் பிடித்த நடைதான், ஓயவே இல்லை.

மறு வருஷம் சின்னத்தாய் பிறந்தாள். ஒச்சாயி பசுமலை வேலையை விட்டாள். விடும்போது மலையம்மாளிடமிருந்து இரண்டு காரியங்களைக் கொண்டுவந்தாள். ஒன்று வெந்நீர்ப் பழக்கம், மற்றொன்று "கையைக் காட்டு" என்கிற அந்தச் சொல். முதலாவது ஊரில் அவளுக்கு வெந்நிக்காரி என்று பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்தது. இரண்டாவது அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

இங்கே நல்லகாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் அந்தப் பக்கத்து ஆம்பிளைகளுக்கு ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. திருடியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்த சாதியில் பிறந்திருந்தால் போதும். வயது வந்ததும் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிவேட்டில் பதிந்துகொள்வார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இருட்டியதும் போலீஸ் சாவடிக்குப் போய்ப் பெருவிரலை வைத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும், விடிந்துதான் வீடு திரும்பலாம். பெண்டாட்டிக்கு நோவு கண்டாலும் சரி, பிள்ளை செத்துக் கிடந்தாலும் சரி. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் நன்றாகத் தூங்கியிருப்பான்.

அதனால் நல்லகாமனுக்கு மகள் பகலில் மட்டும்தான் மகள். விடிந்ததும் சாவடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவான். வழியில் காட்டுப்பக்கம் வெளிக்குப் போய்விட்டு, மாடு குளிப்பாட்டுகிற ஊருணியில் கால் அலம்பிக்கொண்டு வந்து, நேரே சோற்றுக் கும்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து சின்னத்தாயை மடியில் வைத்துக்கொள்வான். கம்பஞ்சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் வாயில் வைப்பான். ராத்திரி முழுக்கப் பிரிந்திருந்ததற்கு அந்த ஏழெட்டு உருண்டைதான் அவனுக்கு ஈடு. பெருவிரலில் மை அப்படியே கறுத்திருக்கும். ஒச்சாயி அடுப்படியில் நின்று அந்தக் கையையும் மகள் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். கொதிக்க வைத்த தண்ணீர், கழுவிய கும்பா, துணியால் வேடு கட்டிய பானை எல்லாம் இருந்து என்ன, அந்த ஒரு கை எல்லாவற்றையும் வீணாக்கிக்கொண்டிருந்தது. உருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? அவனுக்கும்தானே இரண்டு பிள்ளைகள் போயின?

சின்னத்தாய்க்கு இரண்டு வயது நடக்கும்போது ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டாள். மலையம்மாள் வாசலில் நிற்பாளே, அதேபோலக் குறுக்கே நின்று, கையில் அகப்பையோடு, "கையைக் காட்டுங்க" என்றாள்.

நல்லகாமன் அவளை ஒரு பார்வை பார்த்தான். மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மூன்று நாள் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. பொம்பளை சொல்லி ஆம்பிளை கேட்பதா என்கிற வீம்பு என்று ஒச்சாயி நினைத்தாள். நினைத்தது தப்பு. சாவடிக்குள் என்ன நடக்கிறது என்று எந்த ஆம்பிளையும் வீட்டில் வந்து பேசியதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? நாலாம் நாள் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து, அதே கறுத்த கையால் உருண்டை பிடித்தான். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

புருஷனை மாற்ற முடியாதவள் ஊரை மாற்றப் புறப்பட்டாள். சின்னத்தாய் தெருவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாள். ஒருத்தி கடித்த பனங்கிழங்கை இன்னொருத்தி வாங்கிக் கடிக்கிறாள். தன் பிள்ளையை மட்டும் கழுவி எடுத்து என்ன பிரயோசனம்? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் வெயில் தாழ ஒரு சட்டி மொச்சை அவித்து வைப்பாள். தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் கூடிவிடுவார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, ஈரக் கையோடு அவள் வீட்டு வெள்ளைச் சுவரில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். சுத்தமான கை என்றால் ஈரம் காய்ந்து சுவடு மறைந்துவிடும். அழுக்கு இருந்தால் கறை நிற்கும். கறை நின்றவனுக்கு மொச்சை கிடையாது, மறுபடி கழுவ வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. "கையக் காட்டு, செவுத்துல நீட்டு" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தார்கள். ஒரு மாதத்தில் ஒச்சாயியின் சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் சின்னச் சின்னக் கைகளாக நிறைந்துவிட்டது. கறைகள் நாளுக்கு நாள் மங்கி வந்ததைப் பார்த்துப் பார்த்து அவள் பூரித்துப்போனாள். வேறு யார் கண்ணிலாவது அந்தச் சுவர் படும் என்று அவள் நினைக்கவில்லை. ரேகை வைத்தவன் பெண்டாட்டிக்கு இது உறைக்க வேண்டாமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் சித்திரை நெருங்க நெருங்க அவளுக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பட்டது அன்னக்கொடி கண்ணில். நல்லகாமனின் தங்கை, அதே தெருவில் கருத்தக்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒச்சாயியிடம் உப்பும் புளியும் கைமாற்று வாங்குகிற உறவு. மகன் சின்னச்சாமியைத் தேடிக்கொண்டு வந்தவள் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, என்னது இது?"

"எது?"

"செவுத்துல. எம் பிள்ள கைதானே இது? எதுக்கு எம் பிள்ள கையப் பதிஞ்சு வச்சிருக்க?"

"வெளையாட்டுக்குடி. கை சுத்தமா இருக்கான்னு பாக்க."

"எங்க அண்ணனையும் சும்மா ஒரு தடவ விரல வச்சுட்டு வான்னுதான் கூட்டிட்டுப் போனாக! இன்னும் வச்சுட்டு இருக்கு. பசுமலையில போயி யாருகிட்டடி இதக் கத்துக்கிட்டு வந்த? பிள்ளைகளையும் பதியச் சொல்லி யாரு ஒன்ன அனுப்பி வச்சது?"

ஒச்சாயி வாய் திறப்பதற்குள் அன்னக்கொடி மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் தெருவே திரண்டு வந்தது. ஆளுக்கொரு கூடை சாணி. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசக்கூட இல்லை. சுவர் முழுவதையும் சாணியால் மெழுகி, ஒரு கைகூடத் தெரியாமல் மூடிவிட்டு, அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மொச்சைச் சட்டி அப்படியே இருந்தது. நல்லகாமன் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவடிக்குப் புறப்படும் நேரம் வந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"எனக்குப் பதினெட்டு வயசு. எங்க அய்யா கூட நடந்து போனேன். அங்க போலீஸ் ரைட்டர் ஏறிட்டுப் பாக்கக்கூட இல்ல. 'கையைக் காட்டு'ன்னான். நீட்டுனேன். ஒவ்வொரு விரலாப் பிடிச்சு, மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசுற மாதிரி உருட்டி உருட்டிப் பதிஞ்சான். வர்ற வழியில மண்ண அள்ளித் தேச்சேன், தோல் உரிஞ்சுச்சு, மை போகல. எங்க அய்யா பாத்துக்கிட்டே வந்தாரு. இன்னைக்கி வரைக்கும் தெனமும் அந்தச் சொல்லக் கேட்டுத்தான் நீட்டுறேன். எங் கைய எம் மகளுக்குச் சோறு ஊட்டத்தான் வச்சிருக்கேன். அதையும் காட்டுன்னு நீ கேட்ட."

ஒச்சாயிக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருஷம் கூடவே வாழ்ந்தும் அந்தக் கையில் அழுக்கை மட்டும்தானே பார்த்தோம் என்று நொந்துகொண்டாள். "இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சொல்ல மாட்டேன் என்றாளே தவிர, அவளுக்குப் பயம் விடவில்லை. சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. தெருப் பிள்ளைகள் அவள் வாசலை மிதிப்பதில்லை, சின்னத்தாயோ அவர்கள் வாசலை விட்டு நகர்வதில்லை. விடிந்தால் அதே கை, அதே உருண்டை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். ஊருணிக்குப் போனாள், குடத்தை நிரப்பாமல் திரும்பி வந்தாள். நடந்து நடந்து அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கையில் அழுக்கு இருக்கிறது என்றால் எந்த மனிதனுக்கும் ரோஷம் வரும். மை இருக்கிறது என்றால்?

அடுத்த இரண்டு வாரம் அவள் அடுப்படியில் என்னென்னவோ செய்தாள். புளியைக் கரைத்தாள், எலுமிச்சையைப் பிழிந்தாள், பூந்திக்கொட்டையை இடித்தாள். ஒருநாள் உச்சி வெயிலில் நல்லகாமன் வேப்பமர நிழலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒச்சாயி பக்கத்தில் முழங்காலிட்டு, அவன் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள். பெருவிரலில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் தடவி ஊற வைத்தாள். பிறகு சலித்த சாம்பலைப் போட்டு, தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, இளஞ்சூட்டில் வெந்நீரை ஊற்றினாள். அவன் விழித்துக்கொண்டான்.

"என்ன புள்ள செய்யுற?"

"மை போகுதான்னு பாக்குறேன்."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் மறுபடி தேய்த்தாள், ஊற்றினாள். கறுப்பு வழிந்து மண்ணில் இறங்கியது. அடியில் பெருவிரல் மற்ற விரல்களைப் போலவே இருந்தது. நல்லகாமன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்து இன்னும் பார்த்தான். அவன் முகம் அழுகையில் கோணிக்கொண்டு போனதைப் பார்க்க மாட்டாமல் ஒச்சாயி பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது, சாவடியிலிருந்து ஊருக்குள் வருகிற பாதையோரம், அவள் வீட்டுக்கு முன்னால் ஒரு பானை வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிரட்டையில் எண்ணெய், ஓலைக் கொட்டானில் சாம்பல், ஒரு கற்றை நார். நல்லகாமன் வந்தான். தானே குனிந்து எண்ணெயைத் தொட்டுக்கொண்டான். சின்னத்தாய் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்து, பாதியைத் தன் காலிலே ஊற்றிக்கொண்டு, மீதியை அவன் கையில் ஊற்றினாள். பின்னால் வந்த கருத்தக்கண்ணன் நின்று பார்த்தான்.

"என்ன மச்சான், மை போகுதா?"

"வந்து பாரு."

"அடேய், போகுதுடா!" என்று கருத்தக்கண்ணன் கத்திய கத்தில் முன்னே போனவர்களும் திரும்பி வந்தார்கள். ஒரு வாரத்தில், சாவடிக்குப் போய் வருகிற ஊர் ஆம்பிளைகள் முப்பது பேரும் வந்து நின்றார்கள். பெருவிரல் ஒன்றைத் தேய்க்க இன்னொரு கையும் வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குப் போக முழங்கை வரைக்கும் சாம்பல் வேண்டும். முப்பது பேரும் இரண்டு கையையும் பளிச்சென்று கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கூழ் ஊட்டினார்கள். ஒச்சாயி யாரிடமும் கை சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுள்ளி பொறுக்கவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. அப்பாமார் கழுவுவதைப் பார்த்துப் பிள்ளைகள் வந்தன. தங்களுக்கும் மை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கழுவிக்கொண்டு ஓடின.

பெண்கள் மட்டும் வரவில்லை. அன்னக்கொடி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்திரை வந்தது. பக்கத்து ஊர்களில் சாவுக்குப் பறை அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒச்சாயி சோறு தின்பதை மறந்தாள். சின்னத்தாய் தும்மினால் பதறினாள், தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, மூன்று தடவை வெளிக்குப் போனாள். நாலாவது தடவை ஆனதும் ஒச்சாயி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். நின்றால் பிள்ளை போய்விடும் என்று ஒரு நினைப்பு. எத்தனை நடை நடந்தாளோ. கடைசியில் சின்னத்தாய் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "ஆத்தா, மாங்கா புளிக்குது" என்றாள். விசாரித்தால், சின்னச்சாமியோடு சேர்ந்து ஆறு பிஞ்சு மாங்காய் தின்றிருக்கிறாள். ஒச்சாயி அவள் முதுகில் நாலு வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு அன்னக்கொடி இடுப்பில் வெறுங்குடத்தோடு ஓடி வந்தாள். அவள் முகமும் வெளுத்துக் கிடந்தது. ஆறு மாங்காய் தின்றவள் இங்கே என்றால், கூடத் தின்றவன் அவள் வீட்டில்தானே இருப்பான்?

"மதினி, சின்னச்சாமியும் போயிக்கிட்டே இருக்கான். வாந்திபேதிதானா மதினி?"

"மாங்காய்டி. பொழச்சுக்குவான், போ."

அன்னக்கொடி போகவில்லை. வெயிலில் தலையைக் குனிந்து நின்றாள். பிறகு இடுப்பிலிருந்த குடத்தை முன்னால் நீட்டினாள். "கொஞ்சம் வெந்நி ஊத்து மதினி. என்னைக்கும் ஊத்து. கேக்குறதுக்கு வாய் வரல எனக்கு." ஒச்சாயி குடத்தை வாங்கி, முதலில் அதை நன்றாகக் கழுவினாள். பிறகுதான் ஊற்றினாள். அதைப் பார்த்து அன்னக்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த வருஷம் கல்லூத்துப்பட்டியில் ஒரு பிள்ளை செத்தது. கிழக்குத் தெருவில், பிறந்து எட்டு மாதமான பெண் குழந்தை. ஒன்றுதானே என்று ஊர் ஆறுதல் பட்டது. ஒச்சாயி ஆறவில்லை. அந்த இழவு வீட்டில்தான் முதல் தடவையாக நழுவிப் போய்த் தண்ணீர்ப்பானையைத் திறந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து கிழக்குத் தெரு முனையிலும் ஒரு பானை கொதித்தது. அதற்குச் சுள்ளி அன்னக்கொடி கொண்டுவந்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பானை ஓட்டை விழுந்தது, வேறு பானை வந்தது. சின்னத்தாய் வளர்ந்து சொம்பைச் சிந்தாமல் ஊற்றப் பழகினாள். ஒச்சாயிக்கு முட்டி வலி வந்தும் நடை குறையவில்லை. நல்லகாமன் தினமும் மையோடு வந்தான், தினமும் கழுவினான். ஒச்சாயி பக்கத்தில் நின்றாலும் அவன் கையைப் பார்க்க மாட்டாள், வேறு எங்கேயாவது பார்ப்பாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம்.

நாற்பத்தேழாம் வருஷம் வைகாசி மாதக் கடைசியில் ஒருநாள், சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று மதுரையிலிருந்து செய்தி வந்தது. யாரும் நம்பவில்லை. அன்று இருட்டியதும் பழக்கத்தில் முப்பது பேரும் சாவடிக்குப் போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீடு வந்து படுத்தார்கள்.

விடிந்தது. ஒச்சாயி வழக்கம்போலப் பானையை ஏற்றிவிட்டாள். ஏற்றிய பிறகுதான் யாருக்கு என்று நினைப்பு வந்தது. மை இல்லை, இனி எவன் நிற்கப் போகிறான்? இத்தனை வருஷமும் அவர்கள் கழுவியது மையைத்தானே, கையை இல்லையே? நாளைக்குக் கழுவாத கையால் உருண்டை பிடிப்பார்களே, அடுத்த சித்திரைக்கு எத்தனை போகும்? பானைக்கும் வாசலுக்கும் நடந்தாள். சின்னத்தாய் சொம்போடு தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

நல்லகாமன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். அந்த வீட்டில் விடிந்து எழுந்து வெளியே வருவது அவனுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு முதல் தடவை. நேரே பானையிடம் போனான். எண்ணெயைத் தொடவில்லை. சாம்பலை அள்ளி இரண்டு கையையும் தேய்த்தான், விரலிடுக்கு, நகக்கண், முழங்கை என்று. மகள் தண்ணீர் ஊற்றினாள்.

"மைதான் இல்லையே?" என்றாள் ஒச்சாயி, எங்கோ பார்த்துக்கொண்டு.

அவன் அவள் எதிரே வந்து நின்றான். ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு உள்ளங்கையையும் அவள் முன்னால் நீட்டினான். பிறகு திருப்பிப் புறங்கையைக் காட்டினான்.

"பாத்துக்க" என்றான். "இனிமே ஒனக்கு மட்டுந்தான் காட்டுவேன்."

ஒச்சாயி பார்த்தாள். பார்த்தபடியே, பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாதையில் கருத்தக்கண்ணனும் மற்றவர்களும் துண்டை உதறிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.